குழந்தையின் வெள்ளை ஃபில்லிங்கிலிருந்து என்ன கசிகிறது, அதை எடுத்துவிட வேண்டுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். எட்டு வயது மகளுக்குப் போன மாதம் மூன்று கடைவாய்ப் பற்களில் பல் நிறத்திலேயே ஃபில்லிங் வைத்திருக்கிறார்கள். அது ஒருவகை பிளாஸ்டிக், அதிலிருந்து பிபிஏ என்கிற பிஸ்ஃபீனால் ஏ வாயில் கசியும், ஹார்மோன்களைக் குழப்பும் என்று அதன் பிறகு எங்கேயோ படித்திருக்கிறீர்கள். இது ஆபத்தா, எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஏதாவது கசிகிறதா என்பது முதல் கேள்வி. ஆமாம், கசிகிறது, அதில் சந்தேகமே இல்லை. கசிவது குழந்தைக்குக் கெடுதல் செய்யும் அளவா என்பது இரண்டாவது. இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், பயப்படும் அளவுக்கு இல்லை. ஃபில்லிங் நன்றாக இருக்கிறது என்றால் எடுக்க வேண்டாம். நான் பல் மருத்துவர். பல வருடங்களாக இந்தப் பொருட்களோடுதான் புழங்குகிறேன், மாணவர்களுக்கும் இதைப் பாடமாக எடுக்கிறேன். நச்சியல் என் துறை இல்லை. அதனால் அந்தப் பக்கம் போகும்போது, எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் வாய்க்குள் போனது என்ன என்று பார்ப்போம். காம்போசிட் என்று சொல்லும் இந்தப் பொருளின் எடையில் பெரும்பகுதி மிக நுண்ணிய கண்ணாடி, சிலிக்கா துகள்கள். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின்தான் நீங்கள் கவலைப்படும் பகுதி. அதில் பெரும்பாலும் இருப்பது பிஸ்-ஜிஎம்ஏ என்ற மூலக்கூறு. அமெரிக்காவில் ரஃபேல் போவன் உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்றது. அறுபது வருடம் ஆகியும் இந்தத் துறை அதை விட்டு விலகவில்லை. தனியாகப் பார்த்தால் அது நகரவே மறுக்கும் கெட்டித் திரவம். கையாள முடிகிற மாதிரி அதை இளக்குவதற்கு டெக்டிஎம்ஏ என்ற சின்ன மூலக்கூறைச் சேர்ப்பார்கள். சில தயாரிப்புகளில் யூடிஎம்ஏ இருக்கும். ஃபில்லிங் பல்லோடு ஒட்டுவதற்காக முதலில் தடவும் திரவத்தில் ஹெமா என்று ஒன்று இருக்கும். இவை எல்லாமே மோனோமர்கள், அதாவது இன்னும் கெட்டியாகாத தனி மூலக்கூறுகள். கூடவே கேம்ஃபர்குவினோன் என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பொருள் கொஞ்சம் இருக்கும். நீல வெளிச்சம் பட்டதும் வினையைத் தொடங்கி வைப்பது அதுதான். உங்கள் மகள் வாயில் அந்த நீல விளக்கைக் காட்டியது இதற்காகத்தான்.

அந்த வெளிச்சத்தில் நடப்பது கைகோத்து நிற்பது போன்ற ஒரு காரியம். ஹெமாவுக்கு ஒரு கை, மற்ற மோனோமர்களுக்கு இரண்டு கை. வெளிச்சம் பட்டதும் பக்கத்தில் இருப்பதன் கையைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கும். கூட்டம் இறுக இறுக யாராலும் நகர முடியாது, எட்டாத கையைப் பிடிக்கவும் முடியாது. அதனால் சரியாக வெளிச்சம் காட்டிய காம்போசிட்டிலும் சுமார் 50 முதல் 75 சதவீதக் கைகள்தான் பிடிபடும். இதைக் கேட்டதும் பாதி ரெசின் அப்படியே வெளியே வந்துவிடுமோ என்று தோன்றும். அப்படி இல்லை. இரண்டு கையில் ஒன்று பிடிபட்டாலே அந்த மூலக்கூறு வலைக்குள் மாட்டிக்கொண்டுவிடும். எந்தக் கையும் பிடிபடாமல் சும்மா இருப்பவை மட்டும்தான் உமிழ்நீரில் நழுவும். அவற்றிலும் டெக்டிஎம்ஏ, ஹெமா போன்ற சின்னவை சுலபமாக வெளியே வரும். பெரிய பிஸ்-ஜிஎம்ஏ அவ்வளவு சுலபமாக வராது.

எப்போது கசிகிறது என்பதுதான் என் அனுபவத்தில் பெற்றோருக்கு யாரும் சொல்லாத விஷயம். பெரும்பகுதி முதல் 24 மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. அதிலும் முதல் சில மணி நேரம்தான் உச்சம். காரணம், காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மேற்பரப்பில் அந்த வினையைத் தடுத்துவிடுகிறது. எவ்வளவு நேரம் விளக்கைக் காட்டினாலும் மேலே மெல்லிய படலமாகக் கொஞ்சம் ரெசின் பிசுபிசுப்பாகவே நிற்கும். விளக்கை எடுத்ததும் ஃபில்லிங் ஈரமாக மினுங்குவதைப் பார்க்கலாம். பஞ்சால் அழுத்தித் துடைத்தால் முதலில் பஞ்சு வழுக்கும், பிறகு இழுபடும், மினுமினுப்பு போய்விடும். துடைக்காமல் விட்டால் குழந்தை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு "கசக்குது" என்று முகத்தைச் சுளிக்கும். அந்தக் கசப்பு வேறொன்றும் இல்லை, கெட்டியாகாத மோனோமர். ஃபில்லிங்கைத் தேய்த்து மெருகேற்றும்போது இந்தப் படலம் பெரும்பாலும் போய்விடும். பள்ளங்களை மூடும் சீலன்ட்டைப் பொதுவாக மெருகேற்ற மாட்டோம். அதனால் அங்கே துடைப்பது ரொம்ப முக்கியம். உங்கள் மகள் விஷயத்தில் அந்த முதல் நாள் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இனி வருவது, மெல்லும்போது தேய்வதாலும் உமிழ்நீரிலுள்ள நொதிகள் மெதுவாக அரிப்பதாலும் வரும் மிகச் சிறிய கசிவு.

சரி, பிபிஏ. இதை யாரும் ஃபில்லிங்கில் கலப்பதில்லை. பிஸ்-ஜிஎம்ஏவைத் தயாரிக்கும்போது அது தொடக்கப் பொருள். தயாரித்து முடித்த பிறகும் மீந்துபோன துளி அசுத்தமாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் வாயில் பிஸ்-ஜிஎம்ஏ உடைந்து மறுபடி பிபிஏ ஆகிவிடாதா என்று மாணவர்கள் வருடம் தவறாமல் கேட்பார்கள். ஆகாது. உமிழ்நீரின் எஸ்டரேஸ் நொதிகள் அதிலுள்ள எஸ்டர் என்ற வகை வேதிப் பிணைப்பை வெட்டும். ஆனால் நடுவிலுள்ள பிஸ்ஃபீனால் பகுதியை ஈதர் என்ற வேறு வகைப் பிணைப்புகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவற்றை அந்த நொதிகளால் தொட முடியாது. பிஸ்-டிஎம்ஏ என்று இன்னொரு மோனோமர் உண்டு. பெயரில் ஒன்றிரண்டு எழுத்துதான் வித்தியாசம். அதில் பிஸ்ஃபீனாலைப் பிடித்திருப்பதே எஸ்டர் பிணைப்புதான். நொதி வெட்டியதும் நேராக பிபிஏ வெளியே வரும். இணையத்தில் நீங்கள் படித்த கட்டுரைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன என்பது என் சந்தேகம்.

இந்தப் பயம் எங்கே தொடங்கியது என்றும் சொல்ல வேண்டும். 1996-இல் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, 18 பேரின் கடைவாய்ப் பற்களில் சீலன்ட் பூசி, ஒரு மணி நேரம் கழித்து உமிழ்நீரைச் சோதித்தது. 90 முதல் 931 மைக்ரோகிராம் வரை பிபிஏ இருந்ததாக அறிவித்தார்கள். செய்தித்தாள்களுக்குச் சொல்லவா வேண்டும். அப்போது பயன்பட்ட சீலன்ட்டில் பிஸ்-டிஎம்ஏ இருந்தது என்பது ஒரு விஷயம். பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அவ்வளவு பெரிய அளவு கிடைக்கவில்லை என்பது இன்னொன்று. 2000-இல் வந்த ஓர் ஆய்வில், சீலன்ட் பூசிய முதல் சில மணி நேரம் சிலரின் உமிழ்நீரில் பிபிஏ தெரிந்தது; இரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2016-இல் 12 சீலன்ட்களைச் சோதித்தபோது வெளியே வந்த பிபிஏ மைக்ரோகிராம் கணக்கில் இல்லை, நானோகிராம் கணக்கில் இருந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஆயிரம் நானோகிராம். எனக்கு அந்தக் கிரனாடா ஆய்வின் மேல் கோபம் இல்லை. தயாரிப்பாளர்கள் தங்கள் ரெசினின் சுத்தத்தைக் கவனிக்க அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உடலுக்குள் போன பிபிஏ தங்குவதும் இல்லை. கல்லீரல் அதைக் குளுகுரோனைடு என்ற, நீரில் கரையும் வடிவமாக மாற்றிவிடும். சில மணி நேரத்தில் பாதி, ஓரிரு நாளில் கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரில் போய்விடும். ஃபில்லிங் வைத்தவர்களின் சிறுநீரை அளந்த ஆய்வுகளிலும் இதுவே தெரிகிறது: வைத்த அடுத்த ஒன்றிரண்டு நாளில் ஒரு ஏற்றம், பிறகு பழைய நிலை. பாதரசம், ஈயம் மாதிரி சேர்ந்துகொண்டே போகும் பொருள் இல்லை இது. இதுவரை சொன்னதெல்லாம் உறுதியான பகுதி.

இனி விவாதமான பகுதி. ஒரு நாளைக்கு எவ்வளவு பிபிஏ உடலுக்குள் போகலாம் என்பதில் ஒழுங்குமுறை அமைப்புகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை என்றது. அதே ஆணையம் 2023-இல் அதை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. 20,000 மடங்கு குறைவு. எலிகளின் நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை பெருகியதை அடிப்படையாக வைத்து எடுத்த முடிவு அது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்காமல் 0.2 மைக்ரோகிராம் என்று தனியாக ஒரு வரம்பைச் சொன்னது. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய வரம்பில் நாளைக்கு 100 மைக்ரோகிராம், ஜெர்மன் வரம்பில் 5 மைக்ரோகிராம், புதிய ஐரோப்பிய வரம்பில் 5 நானோகிராம். முதல் இரண்டில் எதை எடுத்தாலும், இன்றைய பொருட்களிலிருந்து ஒரு மாதத்துக்குப் பிறகு வரும் கசிவு வரம்பின் பக்கத்தில்கூட வராது. மூன்றாவதை எடுத்தால், ஃபில்லிங்கே இல்லாத மனிதர்களில் மிகப் பெரும்பாலானோர் சாப்பாட்டின் வழியாகவே ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டார்கள். அந்த ஆணையமே அப்படித்தான் சொல்கிறது. உணவு டப்பாக்களின் உள்பூச்சு போன்றவற்றில் பிபிஏவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை கொண்டுவந்தது இதன் தொடர்ச்சிதான். அந்த வரம்பு சரி என்றே வைத்துக்கொண்டாலும், கவலைப்பட வேண்டிய முதல் இடம் தினமும் மூன்று வேளை வாய்க்குள் போகிற சாப்பாடும் அதன் பொட்டலமும்தான், பல்லில் ஒரு தடவை வைத்த ஃபில்லிங் அதற்கு ரொம்பப் பின்னால் நிற்கிறது.

குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வை நான் மறைத்துவிட்டுப் பேச முடியாது. நீங்கள் எப்படியும் அதைத் தேடிப் பிடித்துவிடுவீர்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 6 முதல் 10 வயதுள்ள 534 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அமால்கம் என்ற, பாதரசம் கலந்த வெள்ளி நிற ஃபில்லிங், இன்னொன்றுக்கு வெள்ளை ஃபில்லிங் என்று வைத்து ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அமால்கத்தின் பாதரசம் கெடுதல் செய்கிறதா என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வு. 2012-இல் அதே தரவை வேறு கோணத்தில் அலசியபோது, பிஸ்-ஜிஎம்ஏ காம்போசிட் அதிகமாக, அதிக நாள் வாயில் இருந்த குழந்தைகளின் நடத்தை, மனநிலை மதிப்பெண்கள் கொஞ்சம் மோசமாக இருந்தன. கம்போமர் என்ற, யூடிஎம்ஏ அடிப்படையிலான இன்னொரு வகை வெள்ளை ஃபில்லிங் வைத்த பற்களுக்கு அந்தத் தொடர்பு இல்லை. இதை நான் எப்படிப் படிக்கிறேன் என்றால், வித்தியாசம் சிறியது. ஆய்வு இந்தக் கேள்விக்காக வடிவமைக்கப்பட்டது இல்லை. அறிவுத்திறன் சோதனைகளில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. நிறைய சொத்தை வருகிற குழந்தைக்கு வீட்டிலும் வேறு சிரமங்கள் இருக்க வாய்ப்பு அதிகம், அதை முழுதாகக் கழித்துவிட முடியாது. அதே சமயம், யூடிஎம்ஏவுக்கு வராத தொடர்பு பிஸ்-ஜிஎம்ஏவுக்கு மட்டும் வந்தது ஏன் என்ற கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு பெரிய ஆய்வு அதே முடிவைக் கொடுக்கும்வரை இதை வைத்து ஒரு பல்லில் கை வைக்க மாட்டேன்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிபிஏவைவிடக் கவலை தருபவை ஹெமாவும் டெக்டிஎம்ஏவும். காரணம் ஹார்மோன் இல்லை, அலர்ஜி. அதுவும் நோயாளிக்கு வருவதைவிட எங்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஹெமா மெல்லிய ரப்பர் கையுறைக்குள் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். கையுறை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் விரலால் தொட்டுத் தொட்டு வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். கட்டை விரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் தோல் காய்ந்து, வெடித்து, மேசையில் கிடக்கும் ஒரு தாளை எடுப்பதற்கே வலிக்கும் நிலை. ஜெல் நகப்பூச்சில் வருவதும் இதே குடும்பத்து மோனோமர்கள்தான். வீட்டிலேயே நகப்பூச்சு போட்டு அலர்ஜி வாங்கிக்கொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் பல் சிகிச்சையில் சிக்கல் வரலாம். நோயாளிகளுக்கு ஃபில்லிங்கால் அலர்ஜி வருவது அரிது. வந்தால் ஃபில்லிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் கன்னத்தின் உள்பக்கமோ ஈறோ சிவந்து எரியும், சிலருக்கு உதட்டைச் சுற்றித் தடிப்பு வரும். உங்கள் மகளுக்கு ஒரு மாதத்தில் அப்படி எதுவும் இல்லை என்றால் நல்லது. இனிமேல் வந்தால், தோல் மருத்துவர் அந்தப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்தலாம். அப்படி உறுதியானால் அது ஃபில்லிங்கை மாற்றுவதற்கு உண்மையான காரணம்.

இப்போது எடுத்துவிடலாமா என்பதற்கு வருகிறேன். காம்போசிட் பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நிறமும் பல் மாதிரியே இருப்பதால் எது பல், எது ஃபில்லிங் என்று குடையும்போது தெளிவாகத் தெரியாது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். எட்டு வயதில் பல்லின் உள்ளேயுள்ள நரம்பறை பெரிதாக இருக்கும், குழி அதை நோக்கி நெருங்கும். தவிர, குடையும்போது ரெசின் பொடியாகி, சூட்டில் உடைந்து, வாயிலும் காற்றிலும் பறக்கும். கசிவுக்குப் பயந்து, அடங்கிப்போன கசிவை நீங்களே மறுபடி தொடங்கி வைத்த மாதிரி ஆகும்.

எடுத்துவிட்டு எதை வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. அமால்கத்தில் பாதரசம், ஐரோப்பிய ஒன்றியம் 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதை 2018-லேயே நிறுத்தச் சொல்லி, 2025-இலிருந்து மிகச் சில விதிவிலக்குகள் தவிர எல்லோருக்கும் நிறுத்திவிட்டது. அது முக்கியமாகப் பாதரசம் சுற்றுச்சூழலில் சேர்வதைத் தடுக்க எடுத்த முடிவு. கண்ணாடி அயனோமர் சிமென்டில் ரெசின் கிடையாது, ஃபுளோரைடும் கொடுக்கும், பால் பல்லுக்கு நல்ல தேர்வு. ஆனால் மெல்லும் பரப்பில் பெரிய குழி என்றால் சீக்கிரம் தேயும், உடையும். ரெசின் கலந்த அயனோமர் என்று ஒன்றைக் கொடுத்தால் அதில் ஹெமா இருக்கிறது. செராமிக் வைக்கலாம் என்பார்கள். அதைப் பல்லில் ஒட்டுவது பெரும்பாலும் ரெசின் சிமென்ட். "பிபிஏ இல்லாதது" என்று எழுதி விற்கும் காம்போசிட்களும் இருக்கின்றன. அவற்றில் பிஸ்-ஜிஎம்ஏவுக்குப் பதிலாக யூடிஎம்ஏ போன்ற மோனோமர்கள். பிபிஏ கேள்வி அதோடு தீரும், மோனோமர் கேள்வி தீராது. அடுத்த முறை ஃபில்லிங் வேண்டியிருந்தால், விலையும் தரமும் ஒத்துவந்தால், அதைக் கேட்டு வாங்குவதில் தப்பில்லை.

அடுத்த முறை என்று ஒன்று வந்தால் பொருளின் பெயரைவிட வைக்கும் விதத்தைக் கவனியுங்கள். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற விரிப்பைப் போட முடிந்தால் வாய்க்குள் போவது வெகுவாகக் குறையும். எட்டு வயதுக் குழந்தை அதைப் பொறுத்துக்கொள்ளுமா என்பது குழந்தையைப் பொறுத்தது. வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் தனியாக வெளிச்சம் காட்ட வேண்டும். விளக்கின் முனை பல்லுக்கு மிக நெருக்கமாக, ஆடாமல் நிற்க வேண்டும். நெளிகிற குழந்தையின் வாயில் விளக்கு சற்று விலகினாலே அடியில் கெட்டியாவது குறைந்துவிடும், மேலே தட்டிப் பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும் என்பதால் யாருக்கும் தெரியாது. கடைசியில் மேற்பரப்பைத் துடைத்து, மெருகேற்றி, தண்ணீரால் அரை நிமிடமாவது நன்றாகக் கொப்புளித்துத் துப்பச் சொல்ல வேண்டும், விழுங்கக் கூடாது. துடைத்தீர்களா, கொப்புளிக்கலாமா என்று கேட்டால் எந்த நல்ல பல் மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். 2010-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வுத் தொகுப்பும் ஏறக்குறைய இதையே சொன்னது: சீலன்ட்டையும் காம்போசிட்டையும் தொடர்ந்து பயன்படுத்துங்கள், வைத்ததும் துடைத்துக் கழுவுங்கள், கர்ப்ப காலத்தில் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். கர்ப்பிணிக்கு வலியோ சீழோ இருந்தால் தள்ளிப்போடும் பேச்சே இல்லை. அந்தத் தொற்று, ஃபில்லிங்கைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து.

இதைப் படித்துவிட்டு இன்னொரு மகனுக்கோ மகளுக்கோ சீலன்ட் வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். பள்ளத்தில் சொத்தை தொடங்காமல் அது தடுத்தால், பின்னால் அதைவிடப் பல மடங்கு ரெசின் வைக்க வேண்டிய குழியே வராது.

உங்கள் மகளின் பற்களை நான் பார்க்கவில்லை, அதனால் அந்த மூன்று ஃபில்லிங்கும் சரியாக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. வைத்த மருத்துவரிடம் பொருளின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; பொதுவாகக் கோப்பில் இருக்கும். தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாளில் மோனோமர்களின் பெயர் இருக்கும், பிஸ்-டிஎம்ஏ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்றைய காம்போசிட்களில் அது அபூர்வம். கடித்தால் வலி, குளிர்ந்ததைக் குடித்தால் நீடிக்கும் கூச்சம், ஓரத்தில் பழுப்புக் கோடு, நகத்தால் தடவினால் தட்டுப்படும் இடைவெளி, இவற்றில் ஏதாவது இருந்தால் ஆறு மாதப் பரிசோதனை வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.